கல்லூரி வரலாற்றில் மைதானம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரின் பழைய கல்லூரிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1898இல் தொடங்கிய ஊரீசு கல்லூரி, அங்கே படித்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் என்று நல்ல செய்திகள் பல இருந்தன. ஆனால் மைதானத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல்லூரிகள் போடும் ஆண்டு மலர்களிலும் இதே கதைதான். முதல்வர்களின் படம் வரிசையாக இருக்கும், விளையாட்டுக்கு அரைப் பக்கம்.

கூடைப்பந்து 1891இலும் கைப்பந்து 1895இலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கூடங்களில் பிறந்தவை. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் போய் இந்த ஆட்டங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் முதல் ஆடுதளத்தை யார் போட்டார்கள், எந்த ஆண்டு என்பதையும் எழுதிவைக்க வேண்டாமா?

நான் படித்த கல்லூரியில் போட்டிக்கு முந்தைய சாயங்காலம் செம்மண் தளத்துக்குத் தண்ணீர் தெளித்து, நாலைந்து பேர் சேர்ந்து கல் உருளையை இழுப்போம். ஈரம் கூடினால் மண் உருளையோடு பெயர்ந்து வந்துவிடும், காய்ந்துபோனால் அழுந்தாது. அந்தப் பதம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான மார்க்கருக்குத்தான் தெரியும். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்த பிறகுதான் "இழுங்கப்பா" என்பார். அப்புறம் கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவார். அவர் பெயர் எந்த மலரிலும் இல்லை. அந்தத் தளத்தின் மேல் இன்று வண்டிகள் நிறுத்தும் கொட்டகை நிற்கிறது. விடுதி மாணவர்கள் கேரமும் டேபிள் டென்னிஸும் ஆடிய அறையும் போய்விட்டது. மனசு ஆறவில்லை.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்றபோது ஊரே கொண்டாடியது. அப்படிப்பட்ட ஊரில் பழைய மைதானங்களின் கதை தெரியாமல் போவது சரியில்லை.

இதற்கான சான்றுகள் விளையாட்டு அறை பீரோக்களில்தான் கிடக்கும். எந்த ஆண்டு வலை வாங்கினார்கள், எத்தனை பந்து, என்ன விலை என்பதெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும். அணிப் படங்களின் அடியில் ஆட்டக்காரர்களின் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. திருப்பத்தூர், திருவண்ணாமலை அணிகளோடு ஆடிய மாவட்டப் போட்டிகளின் பதிவுகளை இனி ஒரே இடத்தில் தேட முடியாது. கரையான் அரிப்பதற்குள் கல்லூரிகள் இவற்றை ஸ்கேன் எடுத்துவைக்க வேண்டும். ஓய்வு பெற்ற பி.டி. சார்களையும் மார்க்கர்களையும் நேரில் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும். உங்கள் இதழும் வாசகர்களிடம் உள்ள பழைய அணிப் படங்களைக் கேட்டு வாங்கி, வாரம் ஒன்றாகப் பெயர்களோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கல்லூரி மாணவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.