‘பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சூப்பர்ஹீரோ பட விமர்சனத்தைப் படித்தேன். முழுசாக இரண்டு பக்கம். நாயகனின் உடை எந்தக் காமிக்ஸிலிருந்து வந்தது, சண்டையில் கேமரா எப்படிச் சுழன்றது, பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் துண்டுக் காட்சி எந்தப் படத்துக்கு அச்சாரம் என்று ஒன்றும் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி: “பதின்ம வயதினருக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்.”

சரி, பார்த்துக்கொள்கிறோம். எதை வைத்து? படத்தைப் பார்த்தவர் உங்கள் விமர்சகர், பார்க்காதவள் நான். தீர்ப்பு மட்டும் என் தலையில்.

தணிக்கைச் சான்றிதழைப் பார் என்பீர்கள். கைமுட்டியிலிருந்து உலோக நகம் நீளும் சூப்பர்ஹீரோ லோகனின் கதை, 2017-இல் வந்த ‘லோகன்’. அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’. 17 வயது ஆகாதவர்கள் பெற்றோரோ பெரியவர் ஒருவரோ கூட வந்தால் பார்க்கலாம். பிரிட்டனில் 15. அங்கே 14 வயதுப் பிள்ளையைப் பெற்றவர்களே கூட்டிப்போனாலும் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். இந்தியாவில் ‘ஏ’, அதாவது 18. படம் ஒன்றுதான், பிள்ளைகள்தான் நாட்டுக்கு நாடு வேறு போலிருக்கிறது!

அமெரிக்கக் கணக்கு இன்னும் வேடிக்கை. மிக மோசமான அந்த ஒரு வசைச்சொல் ஒரு தடவை வந்தால் ‘பிஜி-13’, அதாவது 13 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டலாம், தடை இல்லை. மறுபடியும் வந்தால் பெரும்பாலும் ‘ஆர்’. ஒரு நகரமே இடிந்து நொறுங்கலாம், செத்தவர்கள் ரத்தம் காட்டாமல் சாகவேண்டும், அவ்வளவுதான். 2008-இல் வந்த பேட்மேன் படம் ‘தி டார்க் நைட்’ அப்படித்தான் ‘பிஜி-13’ வாங்கியது. வில்லன் ஜோக்கர் ஒருவன் தலையைப் பென்சிலில் குத்திக் கொல்லும் அந்தக் காட்சியை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 12ஏ (12 ஆகாதவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கலாம்) கொடுத்தார்கள், அந்த ஆண்டு தணிக்கை வாரியத்துக்கு அதிகப் புகார் வந்ததும் அந்தப் படத்துக்குத்தான்.

‘லோகன்’ படத்தை என் மகனுக்கு வீட்டில் காட்டியபோது அவனுக்கு வயது 14. தெரிந்தேதான் காட்டினேன், ஒளிக்கவில்லை. 2000-இல் தொடங்கிய எக்ஸ்-மென் வரிசையில் அந்த நகக்காரர் நாயகனாக வந்த படங்களையெல்லாம் பார்த்து வளர்ந்தவனிடம், அப்போதைக்குக் கடைசியான இந்தப் படம் மட்டும் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து நான் பார்த்தேன். தலையில் இறங்கும் நகங்களுக்கும், வசைகளுக்கும், ஆட்களைக் கொன்று குவிக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கும் பயந்தேன். மறுநாள் பார்த்தபோது அவன் அசையவே இல்லை. “கிராபிக்ஸ்மா” என்றான். அவனைவிட இரண்டு வயது மூத்த என் அக்கா மகள்தான் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அவனை ஆட்டியது வேறு. உலகத்தையே மனத்தால் ஆட்டிவைத்த பேராசிரியர் சேவியர், நினைவு பிசகி, வலிப்பு வந்து, மருந்துக்கும் நடமாட்டத்துக்கும் லோகனை நம்பிக் கிடக்கிறார். அப்போது என் மாமனார் ஒரே நாளில் மூன்று தடவை பேரனின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். பாதியில் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் தாத்தா அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தானே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தான். படம் அவனுக்குக் கெடுதல் செய்ததா, நல்லது செய்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்தச் சான்றிதழிலும் அந்தக் கட்டில் கிடையாது என்பது மட்டும் தெரியும்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன? இரண்டு வருடம் முன்பு விடுமுறை மலரில் ‘குடும்பத்தோடு பார்க்கப் பத்துப் படங்கள்’ போட்டீர்கள். அதில் அமெரிக்காவில் ‘ஆர்’ வாங்கிய ‘டெட்பூல்’! சிவப்பு உடை, ஜோக் அடிக்கிறார், ஆகவே குழந்தைப் படம். குழந்தைகள் பக்கத்தை நிறுத்தியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அந்த இடத்தில் இப்போது வசூல் கணக்கு வருகிறது. அந்தப் பட்டியலைக் கண்டித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். “பட்டியல் அருமை” என்று இரண்டு சொல்லை மட்டும் வாசகர் கடிதத்தில் வெளியிட்டீர்கள். அடுத்து நான் எழுதியிருந்த ‘ஆனால்’ உங்கள் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

நான் கேட்பது பெரிதில்லை. விமர்சனத்தின் அடியில் நான்கு வரி. ரத்தம் எவ்வளவு, வசை எவ்வளவு, நிர்வாணம் உண்டா, போதை உண்டா, தற்கொலை வருகிறதா, குழந்தையையோ முதியவரையோ வதைக்கிறார்களா. காட்டலாமா கூடாதா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், எந்தப் பிள்ளைக்கு எது உறைக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம். இடமில்லை என்றால் நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள். மூன்றுக்கும் மூன்றேகாலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் யாரும் கெட்டுப்போகப் போவதில்லை.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், இந்த முறை ‘ஆனால்’களோடு வெளியிடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி