வோக்கர் பிடித்து நடக்கிறவரின் வாசலுக்கும் லொறி வரவேண்டும்: கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலின் கழிவு சேகரிப்புப் பிரிவினருக்கும் எங்கள் வட்டாரக் கவுன்சிலர்மாருக்கும் வணக்கம்.

தொட்டியை வெளியே கொண்டுவர ஏலாதவர்களின் சாப்பாட்டுக் கழிவை உள்ளே வந்து எடுங்கள் என்று ஆங்கிலத்தில் உங்களுக்கு ஏற்கனவே எழுதிவிட்டோம். பத்து வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம் என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. உங்கள் வேலை நாட்கள் எந்தப் பஞ்சாங்கப்படி ஓடுகின்றனவோ தெரியாது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆகவே இந்த முறை தமிழில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்களிடம் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தேர்தல் காலத்தில் கதவடியில் வந்து விழுகிற துண்டுப்பிரசுரங்களில் தமிழ் பிழையில்லாமல்தான் இருக்கிறது.

குப்பை எடுக்கிற முறையில் வந்த மாற்றம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, செய்தவர்களே நீங்கள்தான். தோட்டக் கழிவையும் சாப்பாட்டுக் கழிவையும் ஒன்றாகப் போட்டுவந்த பிரவுண் பின் என்ற மண்ணிறத் தொட்டி இனிமேல் தோட்டத்துக்கு மட்டும், அதுவும் வருஷச் சந்தா கட்டினால்தான். சாப்பாட்டுக் கழிவுக்குக் குசினிக்குள் ஒரு குட்டிப் பெட்டி, வெளியே வைக்க 23 லீற்றர் பெட்டி ஒன்று, கிழமைக்கு ஒருதடவை வேறு லொறி, வேறு ஆட்கள். சரி, பழகிக்கொள்கிறோம். பழகியும் விட்டோம், பெரும்பாலான வீடுகளில்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உதவிச் சேகரிப்புப் பட்டியல் என்று உங்களிடம் ஒன்று இருக்கிறது அல்லவா, முதியவர்கள், நோயாளிகள், உடல் ஏலாதவர்கள் தொட்டியை வெளியே கொண்டுவரத் தேவையில்லை, ஊழியர்களே உள்ளே வந்து எடுப்பார்கள் என்ற அந்தப் பட்டியல். அதைச் சாப்பாட்டுக் கழிவு லொறிக்காரர்களுக்கும் கொடுங்கள். பழைய லொறியில் இருந்த பட்டியல் புது லொறியில் இல்லை. இவ்வளவுதான் பிரச்சினை, இதைத் தீர்க்கப் புதுச் சட்டமும் வேண்டாம், ஆலோசகர் அறிக்கையும் வேண்டாம்.

எங்கள் வரிசையில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வோக்கர் இல்லாமல் ஓரடி வைக்கமாட்டார். பெயரைப் போடவேண்டாம் என்றார், போடவில்லை. உங்கள் பதிவில் இருக்கிறது, பாருங்கள். வருஷக்கணக்காக அவர் உதவிச் சேகரிப்பில் இருந்தவர். லொறிக்காரப் பிள்ளைகள் கேற்றைத் திறந்து உள்ளே வந்து, சுவரோடு நிற்கிற பிரவுண் பின்னை உருட்டிக்கொண்டு போய், வெறுமையாக்கி, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் விட்டுவிட்டு, ஜன்னலுக்குள் நிற்கிற மாமிக்குக் கையும் காட்டிவிட்டுப் போவார்கள். மழையிலும் பனியிலும் லொறிக்குப் பின்னால் ஓடுகிற அந்தப் பிள்ளைகளில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, இப்போதும் இல்லை. பட்டியலில் இல்லாத வீட்டுக்குள் அவர்கள் எப்படி வருவார்கள்?

பிரவுண் பின்னுக்குச் சில்லு இருந்தது. இந்தப் பெட்டிக்கு இல்லை, தூக்கத்தான் வேண்டும். நிலத்தில் இருக்கிறதைக் குனிந்து பிடித்து, மூடி திறந்துகொள்ளாமல் தூக்கி, கேற்றைத் தாண்டி நடைபாதை ஓரத்தில் வைக்கவேண்டும். வோக்கருக்கு இரண்டு கையும் வேண்டும். பெட்டிக்கு ஒரு கை வேண்டும். மூன்றாவது கைக்கு எந்தப் படிவம் என்று சொன்னால் நிரப்பி அனுப்பிவிடுகிறோம். ஒருநாள் மாமி பெட்டியை வோக்கரின் முன் கம்பியில் கொழுவிப் பார்த்திருக்கிறார். பாரம் முன்னுக்கு இழுக்க, வாசற்படியில் வோக்கர் சரிய, நல்லகாலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி உருண்டு திறந்து மீன் செதிலும் தேயிலைச் சக்கையும் பாதையெல்லாம் கொட்டிவிட்டது. அதைக் கூட்டி அள்ளவும் குனியத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் வேறு வழி பிடித்தார். மீன் தலை, கோழித் தோல், எலும்பு எல்லாவற்றையும் பையில் கட்டி உறைபெட்டிக்குள் வைத்துவிடுகிறார். மணம் வராமலிருக்க அப்படிச் செய்யலாம் என்று நீங்கள் அனுப்பிய கையேட்டிலேயே இருக்கிறது. லொறி வரும்வரை வைக்கச் சொன்னீர்கள், வராமலே போனால் என்ன செய்வது என்று போடவில்லை. நான் போய்த் திறந்து பார்த்தேன். மேல் தட்டில் மகள் வந்தபோது சமைத்து வைத்துவிட்டுப் போன கறிகள், ஒவ்வொரு டப்பாவிலும் திகதி எழுதி ஒட்டியிருக்கிறது. கீழ்த் தட்டு முழுக்கக் குப்பை. எல்லாவற்றிலும் ஒரேமாதிரி வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடக்க, இது கறியா கழிவா என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் மனுஷி. இந்த நாட்டில் எத்தனையோ வருஷம் வேலை செய்து வரி கட்டியவர்.

முறைப்பாடு செய்யவில்லையா என்று கேட்பீர்கள். மாமிக்காக ஒன்லைன் படிவத்தை நான்தான் நிரப்பினேன். காலை 6 மணிக்கு முன் பெட்டி நடைபாதை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்ததா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. இல்லை என்று உண்மையைச் சொன்னால், அப்படியானால் இது தவறிய சேகரிப்பு அல்ல என்று சொல்லிப் படிவம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே போகவேண்டுமென்றால் பொய் சொல்லவேண்டும். சரி என்று தொலைபேசியில் எடுத்தேன். நீண்ட நேரம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பெட்டி வெளியே இல்லை என்று ஊழியர்கள் பதிந்திருக்கிறார்கள் என்றார். ஐயா, வெளியே வைக்க ஏலாதவர் என்றபடியால்தானே அவருக்கு உதவிச் சேகரிப்பு! அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: மற்றக் குப்பைக்கும் மறுசுழற்சிக்கும்தான் அவர் பட்டியலில் இருக்கிறார், சாப்பாட்டுக் கழிவு புதுச் சேவை, அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். எப்படி விண்ணப்பிப்பது? அதற்கான படிவம் இன்னும் தயாராகவில்லையாம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் உதவி செய்யலாமே என்றும் சொன்னார். செய்கிறோம். நான் இரவு வேலைக்காரன், நீங்கள் குறித்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கடை திறக்க விடிய முன்னரே போய்விடுவார். முதல்நாள் இரவே வைத்தால் நரி வந்து தட்டி உருட்டுகிறது, பிறகு வீதியை அசுத்தப்படுத்தியதாக எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போகிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் வீட்டு எச்சிலைக் கிழமைக்குக் கிழமை மற்றவன் தூக்குவது மாமிக்குக் கூச்சமாக இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கமாட்டார். வீட்டிலேயே உரமாக்கலாம் என்ற உங்கள் ஆலோசனையையும் பார்த்தோம். சமைத்த சோறு, மீன், இறைச்சி போட்டால் எலி வரும், போடவேண்டாம் என்று அதற்கு அடுத்த வரியிலேயே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அரசாங்கம் சட்டம் போட்டது, நாங்கள் என்ன செய்வது என்பது அடுத்த பதில். 2021 சுற்றாடல் சட்டத்தின்படி, தவணை பெற்ற சில கவுன்சில்களைத் தவிர, இங்கிலாந்து முழுக்க 2026 மார்ச் 31 முதல் வீடுகளில் கிழமைக்கு ஒருதடவையாவது சாப்பாட்டுக் கழிவு எடுக்கவேண்டும். உண்மைதான். ஆனால் தோட்டக் கழிவோடு சேர்த்து எடுக்கவே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. சேர்த்து எடுக்கவும் விதி இடம் கொடுக்கிறது, பிரித்தது உங்கள் முடிவு. அதற்கும் நியாயம் இருக்கலாம். சாப்பாட்டுக் கழிவை மட்டும் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கிறது, மிச்சம் வயலுக்குப் பசளையாகிறது. மரக்கொப்பு அந்தத் தொட்டியில் இலேசில் உக்காது. கலந்து வந்தால் மூடிய கூடத்தில் வைத்து 60 பாகைக்கு மேலே சூடேற்றித்தான் பசளையாக்கவேண்டும். இதெல்லாம் எங்களுக்கும் விளங்குகிறது, நாங்கள் எதிர்க்கவும் இல்லை. குப்பைமேட்டில் புதைத்து மீதேன் வாயு கிளம்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 2010 சமத்துவச் சட்டமும் இதே நாட்டுச் சட்டம்தான். உடல் ஏலாதவர்களுக்காகச் சேவையில் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்கவேண்டும் என்று அது உங்களைத்தான் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரனை அல்ல.

எழுதத் தொடங்கியாயிற்று, தோட்டச் சந்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டக் கழிவுக்குக் காசு அறவிடச் சட்டம் இடம் தருகிறது, தெரியும். என் முன்முற்றம் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். அதில் விழுகிற இலை முழுவதும் வீதியோரத்தில் நிற்கிற மரத்தின் இலை, அது கவுன்சில் மரம். மரம் உங்களுடையது, இலை உங்களுடையது, கூட்டுகிறவன் நான், கூட்டியதை நீங்கள் அள்ளிக்கொண்டு போவதற்குக் காசு கட்டுகிறவனும் நான். கிளையை வெட்டுங்கள் என்றால் அது பாதுகாக்கப்படவேண்டிய மரம் என்கிறீர்கள். மரம் நிற்கட்டும், எனக்கும் அதில் விருப்பம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் சேர்ந்தவனிடமும் ஏப்ரலில் இருந்து முழு வருஷத்துக்குக் காசு வாங்குவது எந்தக் கணக்கு?

சந்தா கட்டாதவர்களின் பிரவுண் பின்களைத் திரும்ப எடுப்போம் என்று கடிதம் போட்டீர்கள். அந்த லொறி மட்டும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தது. மாமி வீட்டுக்கும் வந்தது. கேற்றைத் திறந்து, உள்ளே போய், சுவரோடு நின்ற பின்னை உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தொட்டியைப் பறிமுதல் செய்ய அவர் கேற்றுக்குள் போகலாம், கழிவை எடுக்கப் போகமுடியாது, அப்படித்தானே?

மன்னிக்கவேண்டும், கோபத்தில் நீண்டுவிட்டது. கேட்கவந்ததைத் திரும்ப ஒருமுறை பணிவாகவே கேட்கிறேன். உதவிச் சேகரிப்புப் பட்டியலில் இருக்கிற எல்லாரையும், மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லாமல், சாப்பாட்டுக் கழிவுச் சேவையிலும் சேர்த்துவிடுங்கள். அவர்கள் ஏலாதவர்கள் என்று ஒருதடவை விசாரித்து ஏற்றுக்கொண்டவர்கள் நீங்கள்தான், பெட்டியின் அளவு மாறியதும் அவர்களுக்கு முழங்கால் சுகமாகிவிடவில்லை. படிவத்தின் அந்த முதல் கேள்விக்கு, நான் உதவிச் சேகரிப்பில் இருக்கிறேன் என்ற ஒரு தெரிவையும் போடுங்கள். ஒன்லைன் தெரியாதவர்களுக்காக, ஆள் எடுத்துப் பேசுகிற தொலைபேசி எண் ஒன்றைக் கையேட்டில் அச்சடியுங்கள், முடிந்தால் தமிழிலும் மற்ற மொழிகளிலும். எங்கள் வரிசையில் ஒரு மாமியைத்தான் எனக்குத் தெரியும். மற்ற வீதிகளில் எத்தனை உறைபெட்டிகள் இப்படி நிரம்பிக் கிடக்கின்றன என்பது உங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் உங்களுக்குத்தான் தெரியும்.

கவுன்சிலர்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு கேள்வியாகவாவது எழுப்புங்கள். வாக்குக் கேட்டு வந்தபோது மாமி வீட்டில் தேநீர் குடித்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள், வீடு எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை.

பதில் எழுதும்போது தயவுசெய்து இணையத்தள இணைப்பு அனுப்பவேண்டாம். எந்தத் திகதியில் இருந்து லொறி உள்ளே வரும், பொறுப்பான அலுவலர் யார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். உங்கள் முறைப்பாட்டு நடைமுறை முடிகிறவரை பொறுத்திருப்போம். அதற்குப் பிறகும் இதே பதில்தான் என்றால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனுக்கு இந்த மடலின் ஆங்கிலப் பிரதி போகும், மாமியின் சம்மதத்தோடு.

இப்படிக்கு,
வீதிவாசிகள் சார்பில், பக்கத்து வீட்டுக்காரன்