நோட்டரி சீல் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விசா விண்ணப்பம் பற்றிய உங்கள் கட்டுரையில், பிறமொழி ஆவணங்களை ‘மொழிபெயர்த்து, நோட்டரி சீல் வாங்கி இணைக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்யும் எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை.

நோட்டரி பொதுவாக உறுதி செய்வது கையெழுத்தை. தன் முன்னால் கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்பதற்கு அவர் சாட்சி. மூல ஆவணத்தின் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்காகத் தரப்படும் ‘அப்போஸ்டில்’ என்ற சான்றும் அப்படித்தான். கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று சொல்லும். உள்ளே எழுதியிருப்பதற்கு அது பொறுப்பேற்காது.

அப்படியானால் மொழிபெயர்ப்புக்கு யார் பொறுப்பு? மொழிபெயர்த்தவர்தான். அமெரிக்கக் குடிவரவு விதி கேட்பது முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, அது முழுமையானது, துல்லியமானது என்று மொழிபெயர்த்தவரே தரும் சான்று, அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தகுதி தனக்கு உண்டு என்ற உறுதி. அதில் நோட்டரி என்ற பேச்சே இல்லை. பிரிட்டனும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் கட்டாயம். ஆஸ்திரேலியாவுக்குள் மொழிபெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதிச் சான்று தரும் ‘நாட்டி’ (NAATI) அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டில் செய்தால், மொழிபெயர்த்தவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண், மொழித்தகுதி, அனுபவம் ஆகியவற்றை எழுத வேண்டும். ஜெர்மனியிலோ நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் என்றே தனி வகை உண்டு.

நோட்டரிக்கு உண்மையில் வேலை வருவது கனடா போன்ற இடத்தில். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், மொழிபெயர்த்தவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதை நோட்டரி முன்னிலையில் செய்யலாம். இன்னொன்றும் உண்டு. கனடாவுக்கு விண்ணப்பிப்பவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது. பெற்றோர், கணவன், மனைவி மட்டுமல்ல, பெரியப்பா மகன், மாமா மகள்கூட அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ‘வீட்டிலேயே ஆங்கிலம் படித்த பிள்ளை இருக்கிறான், வெளியே எதற்குக் காசு’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘முழு மொழிபெயர்ப்பு’ என்பதையும் உங்கள் கட்டுரை விளக்கியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ‘பின்பக்கம் வேண்டாம், அதில் சும்மா சீல்தான் இருக்கு’ என்பவர்கள் நிறைய. சும்மா சீல் என்று எதுவும் இல்லை. வட்ட முத்திரையில் உள்ள வாசகம், ஓரத்தில் பேனாவால் எழுதிய திருத்தம், பதிவு எண், எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். படிக்க முடியாத கையெழுத்தை ‘கையெழுத்து, தெளிவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்போம். விட்டுவிட மாட்டோம்.

அப்புறம், பெயர் விவகாரம். சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து. ‘பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே போட்டுடுங்க’ என்று கேட்பார்கள். ஆவணத்தில் உள்ளதைத்தான் எழுத முடியும். வேண்டுமானால் பாஸ்போர்ட்டில் இப்படி உள்ளது என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேர்க்கலாம். பிழையைத் திருத்துவது ஆவணத்தைக் கொடுத்த அலுவலகத்தின் வேலை. அதை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

சீல் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கும் ஏஜெண்டுகளுக்கு உங்கள் வரி மிகவும் வசதி. நாடு கேட்காத சீலுக்குப் பணம் போய்விடும். கேட்கும் இரண்டு வரிச் சான்று தாளில் இருக்காது.

ஆகவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே இந்த மாதிரி வாசகத்தையும் வெளியிடலாம்: ‘மூல ஆவணத்தின் மொழியும் ஆங்கிலமும் எனக்கு நன்கு தெரியும், மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு உண்டு. இணைத்துள்ளது அதன் முழுமையான, துல்லியமான மொழிபெயர்ப்பு.’ கீழே பெயர், கையெழுத்து, முகவரி, தொலைபேசி எண், தேதி. விண்ணப்பிக்கும் நாட்டின் குடிவரவுத் துறை இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஏதும் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர், உங்கள் வாசகர்