வழிகாட்டியவர்களின் பெயரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் உரோமத்தோல் வணிகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1670இல் ஹட்சன் பே நிறுவனம் பெற்ற அரச பட்டயம், மாண்ட்ரியால் வணிகர்களின் நார்த் வெஸ்ட் நிறுவனத்தோடு நடந்த போட்டி, 1821இல் இரண்டும் ஒன்றானது, 2025இல் கடைகள் மூடப்பட்டது எல்லாம் தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் பயணங்களைச் சொல்லும் இடத்தில் ஹெர்ன், மெக்கன்ஸி என்று வெள்ளையர் பெயர்கள் மட்டுமே. வழி தெரிந்தவர்கள் யார் என்று ஒரு வரிகூட இல்லை. இது சிறிய குறை அல்ல.

ஹட்சன் பே நிறுவனத்தின் சாமுவேல் ஹெர்ன் செம்பு கிடைக்கும் ஆற்றைத் தேடி இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதியில் திரும்பியவர். இரண்டாம் முறை குளிரில் தவித்துக்கொண்டு வந்தவருக்கு உதவியவர் மட்டோனபி என்ற, வடக்கே வாழும் டெனே பூர்வகுடித் தலைவர். பெண்களை அழைத்துப் போகாததுதான் தோல்விக்குக் காரணம் என்று அவர் சொன்னதை ஹெர்னே எழுதி வைத்திருக்கிறார். சுமை இழுப்பது, கூடாரம் அடிப்பது, உடை தைப்பது எல்லாம் அவர்கள் வேலை. மட்டோனபி அதைச் சொன்ன தோரணை இன்று நம்மை உறுத்தும். ஆனால் பாரத்தைச் சுமந்தது யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1770 டிசம்பரில் மட்டோனபியோடும் அவர் மனைவியரோடும் புறப்பட்ட பிறகுதான், 1771 ஜூலையில் ஹெர்ன் ஆர்க்டிக் கடலோரத்தை எட்டினார்.

நார்த் வெஸ்ட் நிறுவனத்தின் மெக்கன்ஸி 1793இல் பசிபிக் கரையைத் தொட்டதும் அப்படித்தான். கடைசிப் பகுதியில் அவர் நடந்தது, அங்குள்ள மக்கள் மீன் நெய் கொண்டுபோய் விற்ற பழைய வணிகப் பாதையில்.

படகையும் கட்டுரை போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறது. பிர்ச் மரப்பட்டையின் உட்புறம் தண்ணீரைப் பார்க்கும்படி வைத்து, ஊறவைத்துப் பிளந்த ஸ்ப்ரூஸ் மர வேரால் தைப்பார்கள். தையல் பெரும்பாலும் பெண்கள் கை. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பொத்தல் விழுந்தால் அன்று மாலையே கரையேற்றி, மரப்பிசினை உருக்கிப் பூசி அடைப்பார்கள். மாண்ட்ரியாலிலிருந்து போன பெரிய படகு சுமார் 11 மீட்டர் நீளம். மூன்று டன் வரை சரக்கு ஏற்றலாம். அருவி குறுக்கிட்டால் அத்தனையும் தோளுக்கு வரும். ஒரு மூட்டை 90 பவுண்டு, சுமார் 41 கிலோ. நெற்றியில் வாரைக் கட்டி, முதுகில் இரண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

தனடெல்தூர் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. டெனே மக்களோடு பகை கொண்டிருந்த க்ரீ பூர்வகுடியினரிடம் சிறைப்பட்டுத் தப்பி, 1714இல் ஹட்சன் பே நிறுவனத்தின் யார்க் கோட்டைக்கு வந்து சேர்ந்த டெனே இளம்பெண் அவர். மறுவருடம், இரு மக்களுக்கும் இடையே சமாதானம் பேச, ஏறக்குறைய 150 க்ரீ மக்களோடு வடக்கே போனார். பசியில் கூட்டம் சிதறியது. எஞ்சியவர்களைப் பத்து நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் போய்த் தன் மக்களைத் தேடிப் பிடித்தார். தொண்டை கட்டும்வரை பேசிச் சமாதானத்துக்கு இணங்க வைத்தார். 1717 பிப்ரவரியில் நோயுற்று இறந்தார். அதே ஆண்டில்தான் டெனே மக்களோடு வணிகம் செய்ய சர்ச்சில் ஆற்றங்கரையில் நிறுவனம் கோட்டை அமைத்தது.

அவரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். நிறுவனத்தின் குறிப்பேடுகளோடு நிறுத்திவிடாமல், டெனே மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதைகளையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி