அத்தைக்கு, மாமாவின் கல்லைப் பற்றி

அத்தைக்கு,

1971 போரில் கடற்படைக் கப்பலில் போய்த் திரும்பாத மாமாவுக்கு நினைவுக் கல் செய்யத் திருமுருகன்பூண்டியில் முன்பணம் கொடுத்துவிட்டேன். டிசம்பர் 9 அன்று எங்கள் தோட்டத்தில், கன்னிமாருக்குப் பக்கத்தில் நடப்போகிறோம். நேரில் வந்து சொன்னால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பி மகள் படித்துக் காட்டுவாள். ஊர் பார்க்க எதுக்கு என்று கேட்பீர்கள். ஐம்பது வருசத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தாயிற்றே அத்தை, என்ன ஆனது?

உங்கள் தோட்டத்தில் இடம் கேட்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பங்காளிகளும் படிக்கிற இடத்தில் அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அம்மா போன பிறகு இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை. கடைசியில் படுக்கையில் இருந்தபோது கேட்டது இது ஒன்றைத்தான். "எந்தம்பிக்கு ஒரு கல்லாவது நட்டு வெய்யி சாமி."

அந்த ஆடி அமாவாசையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்காள் மகன் இறைக்கிற எள்ளும் தண்ணியும் மாமனுக்குப் போய்ச் சேரும் என்று யாரோ சொல்லி, அம்மா என்னைப் பவானி கூடுதுறைக்குக் கூட்டிப் போயிருந்தார். உங்களுக்குத் தெரியக் கூடாதென்று விடியுமுன்பே பஸ் ஏறினோம். திரும்பி வந்தால், எங்கள் திண்ணையில் நீங்கள். மடி நிறைய கொய்யாப்பழம். "வா சாமி" என்று என் கையை இழுத்து ஒரு பழத்தை வைக்கப் போனவர் அப்படியே நின்றீர்கள். விரலிடுக்கில் எள் ஒட்டியிருந்தது. பழத்தை மடியிலேயே போட்டுக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு எள்ளாக எடுத்துத் திண்ணையில் வைத்தீர்கள். கடைசி எள்ளை எடுத்து முடிக்கும்வரை கையை விடவில்லை. அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

அப்புறம் அம்மாவைப் பார்த்துக் கேட்டீர்கள். "தண்ணீல போன மனுசனுக்கு இன்னுந் தண்ணி ஊத்தறீங்களா? அவரு வந்து கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

சத்தம்கூடப் போடவில்லை. பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தப் பழத்தை வீட்டில் யாரும் தொடவில்லை. அதற்கப்புறம் அம்மா என்னைக் கூடுதுறைக்குக் கூட்டிப் போகவே இல்லை. நீங்கள் காத்திருந்ததில் எனக்குக் கோபம் கிடையாது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் சேர்ந்திருந்தீர்கள். உடம்பு வரவில்லை, ஒரு துணிகூட வரவில்லை, எப்படி நம்புவீர்கள்? ஆனால் தம்பிக்காக அழுவதற்கும் உங்களிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று அம்மாவை ஆக்கிவிட்டீர்கள். அவர் வாய்விட்டு அழாமலேயே போய்ச் சேர்ந்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வயசான உங்களிடம் இப்படிச் சொல்வதும் வலிக்கிறது.

யாரையும் பேசவிடாமல் நீங்கள் கேட்க மறுத்ததை இப்போது எழுதுகிறேன். வேண்டாமென்றால் இந்த இடத்தைத் தாண்டிப் படிக்கச் சொல்லுங்கள். 1971 டிசம்பர் 9 அன்று, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், ராத்திரி ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஹங்கோர் விட்ட டார்பிடோ மாமா இருந்த நம் கடற்படைக் கப்பல் குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் போனார்கள். பிழைத்தவர்கள் 67 பேர். மறுநாள் கச்சல் என்ற கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. 16-ஆம் தேதி போரே முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம், அத்தை. அந்த ஒரு வாரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கப்பல் அன்றைக்கு ஏன் மெதுவாகப் போனது என்று பலர் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களும் இதைப் படிக்கலாம். அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு உடுப்பை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள், அது அவருக்குத் தகும். எனக்கு வருத்தம் வேறு. மாமாவைப் போல எஞ்சின் பக்கம், கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு இருப்பதா போவதா என்று யோசிக்கவே நேரம் கிடைத்திருக்காது. அவர்களைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு கதைகூட இல்லை. டையூவில் கடலைப் பார்த்தபடி நினைவிடம் இருக்கிறது, கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசிய போர் நினைவுச் சின்னத்தில், நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் சென்னிமலைப் பக்கத்துக் காட்டில், கிணற்றைத் தவிர வேறு ஆழம் தெரியாமல் வளர்ந்த ஒருத்தருக்கு அவர் ஊரில் என்ன இருக்கிறது? கோயம்புத்தூரிலேயே கடற்படையின் அக்ரணி பயிற்சி நிலையம் இருக்கிறது. ரெட் ஃபீல்ட்ஸ் வழியாகப் பஸ்ஸில் போனபோது வெள்ளை உடுப்பில் நின்ற பையன்களைப் பார்த்து நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் தோளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் பக்கம் புலிக்குத்திக் கல் இல்லாத வட்டாரம் உண்டா? பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் பேர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. கல்லுக்கு அடியில் உடம்பு இருக்கிறதா என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. எண்ணெய் தடவுகிறோம், பூ வைக்கிறோம், சின்னப் பிள்ளைகளைக் கும்பிட வைக்கிறோம். மாமாவுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உங்களைக் கேட்காமல் முன்பணம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் அம்மாவைப் போலவே அடங்கிப் போயிருப்பேன். கல்லில் இறப்பு என்று ஒரு வார்த்தை வராது. மாமா பேர், கப்பல் பேர், 9.12.1971, அவ்வளவுதான். அங்கே எள் இறைக்கவும் விடமாட்டேன். இதை உங்களுக்காகவே சிற்பியிடமும் வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிற்பி புலி செதுக்கியவர், குதிரை செதுக்கியவர். கப்பல் அவருக்குப் புதுசு. குக்ரியின் படத்தைக் காட்டினேன், செய்துவிடலாம் என்கிறார். முகத்துக்குத்தான் படம் வேண்டுமாம். உடுப்புப் போட்ட படம் உங்கள் டிரங்குப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. கார்த்திகை பிறப்பதற்குள் கொடுத்து அனுப்புங்கள், நகல் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன். கொடுக்காவிட்டால் கப்பலை மட்டும் செதுக்கச் சொல்லிவிடுவேன். தேதியை மாற்றப் போவதில்லை. 9-ஆம் தேதி காலையில் உங்களுக்கு வண்டி அனுப்பட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்