விமான தூரம் சொல்லும் இணையதளக்காரர்களுக்கு

வணக்கம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடுகிறீர்கள். கிலோமீட்டரில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மணி நேரக் கணக்குதான் இடிக்கிறது.

உங்களில் பலர் செய்வது இதுதான்: உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய கோட்டை இழுத்து, மணிக்கு 800, 850 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துப் போட்டுவிடுவது. அந்தக் கோட்டில் விமானத்தைப் பறக்க விடுவார்களா என்று யார் பார்க்கிறீர்கள்?

ஹெல்சிங்கி–டோக்கியோ போட்டுப் பாருங்கள். சுமார் 7,800 கி.மீ., உங்கள் கணக்குப்படி பத்து மணி நேரம். 2022 பிப்ரவரி வரை அது சரிதான், பின்லாந்து நிறுவனமான ஃபின்னேரின் விமானம் ரஷ்யாவின் சைபீரியாவுக்கு மேலே போய் ஒன்பதரை மணி வாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒருவர் விமானங்களுக்கு மற்றவர் வான்வெளியை மூடிவிட்டதில், வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டுவிட்டது. (1983-லும் சோவியத் வான்வெளியைத் தவிர்த்து இதே நிறுவனம் டிசி-10 ரக விமானத்தில் துருவம் வழியாகத்தான் டோக்கியோ போனது. சுற்றிச் சுற்றி அதே பாதை!) சீன விமானங்களுக்கோ ரஷ்யா இன்னும் திறந்தே இருக்கிறது. ஆக லண்டன்–பெய்ஜிங் எத்தனை மணி நேரம் என்றால், எந்த நாட்டு விமானம் என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலைமை.

அப்புறம் காற்று. நியூயார்க்–லண்டன் இரண்டு திசைக்கும் ஒரே நேரம் காட்டுகிறீர்களே, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று உங்களுக்கு மட்டும் வீசாதா? 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் போகிறவர் டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போட்டிருக்கும்.

இன்சுலின் போடுகிறவர் எந்த நேரத்துக்கு ஊசி என்று உங்கள் பக்கத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால், மூன்று மணி நேரம் தள்ளிப்போவது சின்ன விஷயமா?

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் தனித்தனியாகக் காட்டுங்கள். அண்மையில் உண்மையாகப் பறந்த விமானங்கள் எடுத்த நேரத்திலிருந்து சராசரி எடுங்கள், அந்தத் தரவு கிடைக்காத பொருள் இல்லை. அதற்கு வசதி இல்லையென்றால், ‘இது வெறும் கோட்டுக் கணக்கு, டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்க்கவும்’ என்று எழுதுங்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வேண்டாம், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே.