வார்ப் எண்ணில் இல்லை முரண்பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர்களின் விண்கலங்களை ஒளியை மிஞ்சிய வேகத்தில் செலுத்தும் வார்ப் இயந்திரம் பற்றி வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். ஆனால் கட்டுரையாளர் தலையாய முரண்பாடாகக் காட்டியிருப்பது முரண்பாடே அல்ல. உண்மையில் விளக்கம் கேட்க வேண்டிய இடங்களோ கட்டுரையில் இடம்பெறவே இல்லை.

1960களில் வந்த முதல் தொடரில், நாசவேலையால் கட்டுப்பாடிழந்த என்டர்பிரைஸ் கலம் வார்ப் 14.1 வேகத்தை எட்டுகிறது. 1987-இல் தொடங்கிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரிலோ வார்ப் 10 என்பதே எட்ட முடியாத முடிவிலி வேகம். இரண்டும் எப்படி உண்மையாகும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். இடையில் அளவுகோல் மாறிவிட்டது என்பதே விடை. பழைய தொடரின் பின்னணிக் குறிப்புகளின்படி, வார்ப் எண்ணின் கனம்தான் (அந்த எண்ணை மும்முறை பெருக்கி வருவது) ஒளிவேகத்தின் மடங்கு. வார்ப் 6 என்றால் 216 மடங்கு. புதிய தொடருக்காக அதன் வரைகலைக் கலைஞர் மைக்கேல் ஒகுடா திருத்தி வரைந்த அளவுகோலில் வார்ப் 9 சுமார் 1,516 மடங்கு, வார்ப் 9.9 சுமார் 3,053 மடங்கு. அதன்பின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டே போகுமே தவிர 10-ஐத் தொடாது. 14.1-இன் கனம் ஏறத்தாழ 2,803. ஆக, முதல் தொடரின் கேப்டன் கிர்க்கின் கலம் அன்று ஓடிய வேகம் புதிய கணக்கில் 9.9-க்கும் குறைவுதான்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் ‘வாயேஜர்’ தொடர். 1995-இல் வந்த அதன் முதல் அத்தியாயத்தில், 70,000 ஒளியாண்டு தொலைவில் தூக்கியெறியப்பட்ட கலம் வீடு திரும்ப 75 ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். சராசரி வேகம் ஒளியைப் போல 930 மடங்கு சொச்சம். அதே அத்தியாயத்தில், வார்ப் 9.975 வேகத்தில் தொடர்ந்து செல்லவல்ல கலம் இது என்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த வேகத்தில் 23 ஆண்டுகளுக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். எரிபொருள் தேடவும் பழுது பார்க்கவும் ஆங்காங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று இதற்காவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விமானி அமீலியா இயர்ஹார்ட் தோன்றும் அத்தியாயத்தில், வார்ப் 9.9 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 400 கோடி மைல் என்று கலத்தை ஓட்டும் டாம் பாரிஸ் சொல்கிறார். ஒளி நொடிக்குச் செல்வது சுமார் 1,86,000 மைல். வகுத்துப் பார்த்தால் 21,000 மடங்குக்கு மேல் வருகிறது. 70,000 ஒளியாண்டைக் கடக்க மூன்றேகால் ஆண்டு போதும். இனி உயிரோடு ஊரைப் பார்ப்போமா என்ற மாலுமிகளின் ஏக்கத்தின்மேல்தான் ஏழு பருவங்களும் நிற்கின்றன. அந்த ஏக்கத்தின் அடித்தளத்தையே ஒரு வசனம் அசைத்துவிடுகிறது என்பதால்தான் இதைச் சிறிய பிழையாக என்னால் கருத முடியவில்லை.

2001-இல் வந்த ‘என்டர்பிரைஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்திலும் இதே குறை உண்டு. வார்ப் 4.5 வேகத்தில் நெப்டியூனுக்குப் போய்த் திரும்ப ஆறு நிமிடம் என்கிறார் கேப்டன் ஆர்ச்சர், பழைய அளவுகோலின்படி 4.5-இன் கனம் 91 என்பதால் இது கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது, எழுதியவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். ஆனால் அதே கலம் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தாரின் தாய்க்கோளை நான்கே நாட்களில் அடையும் என்கிறார்கள். 91 மடங்கு வேகத்தில் நான்கு நாட்களில் கடக்கக்கூடியது ஒரே ஒரு ஒளியாண்டு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது 1993-இல் வந்த ‘ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்’ அத்தியாயத்துக்கு நேர்ந்த கதி. வார்ப் இயந்திரம் விண்வெளியையே சிதைக்கிறது என்பதை நிரூபிக்க ஒரு விஞ்ஞானி தன் உயிரையே கொடுக்கிறார். அவசரத் தேவை தவிர வார்ப் 5-ஐத் தாண்டக் கூடாது என்று விதி பிறக்கிறது. அடுத்த சில அத்தியாயங்களில் அந்த விதி ஓரிரு முறை நினைவுகூரப்படுகிறது. பின்வந்த தொடர்களிலோ கலங்கள் வழக்கம்போல வார்ப் 9-இல் பறக்கின்றன. சிதைவு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று திரையில் யாரும் சொல்வதில்லை. ஓர் இயந்திரத்துக்கு விலை உண்டு என்று துணிந்து சொன்ன கதையை இப்படிக் கைகழுவியிருக்கக் கூடாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அளவுகோல் மாற்றம் பற்றிய விளக்கத்தைச் சேர்த்து, வாயேஜரின் 75 ஆண்டுக் கணக்கையும் வார்ப் 5 விதியையும் கட்டுரையாளர் விரிவாக ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.